கற்பாசிக்குப் போட்ட வேலி

அந்த மலையிலேயே உள்ளங்கை அகலம்தான் மண்ணில் படரும் தரைக் கற்பாசி மிஞ்சியிருந்தது. அதைக் காப்பாற்றச் சுற்றிலும் முள்வேலி போட்டார்கள். ஆடுகள் உள்ளே வராததால் புல் முழங்கால் உயரம் வளர்ந்து கற்பாசியை மூடிவிட்டது.

வெளியே நின்ற வெள்ளாட்டைக் கற்பாசி கூப்பிட்டது. "உள்ளே வந்து இந்தப் புல்லை மேய்ஞ்சிட்டுப் போயேன், தம்பி."

"மிதிபட்டுடுவியே, அக்கா?"

"மிதிச்சா என்ன? ரெண்டு துண்டு உன் குளம்புல ஒட்டிக்கும். எதிர் மேட்டுல போய்ப் பிழைக்கட்டும்."

வேலி பதறியது. "ஐயோ, வேண்டாம்மா! இருக்கிறதே நீ ஒருத்தி. உனக்காக மூணு வருஷமா நான் கண்ணையே மூடலை. கொஞ்சம் அசந்தேன்னா உனக்கு என்ன ஆகும்னு நினைச்சியா?"

புல்லுக்கடியிலிருந்து களைத்த குரல் வந்தது.

"கொஞ்சம் வெயில் படும்."