மாமனார் சாக மறுக்கிறார்

கட்டிலில் மாமனார் உயிரற்றுக் கிடந்தார். பிள்ளை சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். மருமகள் மயங்கி விழுந்தாள். வந்தவர்களெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், கால்மாட்டில் உட்கார்ந்து பிணத்தின் வயிற்றையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, மூச்சு விடுறீங்க. வயிறு ஏறி இறங்குது."

"உயிரோட இருக்கேன் மாப்பிள்ளை. அது வேற என்ன செய்யும்?" என்றது பிணம்.

"கட்" என்றார் மாப்பிள்ளை. அழுதவர்கள் சட்டென்று நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

மாப்பிள்ளை சினிமா இயக்குநர். கல்யாணமான புதிதில் எடுத்த முதல் படத்தில், பிணமாக நடிக்க வேண்டிய ஆள் வராமல் போகவே, வேடிக்கை பார்க்க வந்த மாமனாரைப் பிடித்துப் படுக்க வைத்தார். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அன்றிலிருந்து அவர் படம் என்றால் அதில் மாமனார் செத்தாக வேண்டும்.

காதல் படத்தில் செத்தார். போலீஸ் படத்தில் மீசையோடு ஒரு தடவையும் மீசை இல்லாமல் ஒரு தடவையும் செத்தார். குழந்தைகள் படத்தில்கூட, பக்கத்து வீட்டில் யாரோ போய்விட்டதாகச் சொல்லி ஜன்னல் வழியாக அவரைக் காட்டினார்கள். ஒரே ஒரு படத்தில் காய்ச்சல் என்று அவரை விட்டுவிட்டார்கள். அந்தப் படம் போன இடம் தெரியவில்லை.

யூனிட்டில் அவருக்கு 'பாடி மாமா' என்றே பெயர். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையாத மனிதர். அப்பேர்ப்பட்டவர்தான் இன்று காலையிலிருந்து சாக மாட்டேன் என்கிறார்.

இது இயக்குநரின் கடைசிப் படம், கடைசி ஷாட். இது முடிந்ததும் ஓய்வு என்று பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லியாகிவிட்டது. எடுத்த படம் ஒன்றைக்கூடப் பாதியில் விட்டதில்லை என்பதுதான் இத்தனை வருஷத்தில் அவர் சேர்த்த ஒரே பெருமை. அது இப்போது மாமனாரின் மூச்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் டேக்கில் மாமனார் இருமினார். அடுத்ததில் காதைச் சொறிந்தார். அதற்கும் அடுத்ததில், மருமகள் கதறிக்கொண்டிருக்கும்போது கண்ணைத் திறந்து, "பாவம், சின்னப் பொண்ணு, தண்ணி குடுங்கப்பா" என்றார்.

"போர்வையால மூடிடலாமா சார்?" என்று ஒளிப்பதிவாளர் யோசனை சொன்னார்.

"முகம் தெரியலேன்னா படம் ஓடாதுய்யா." இயக்குநர் மாமனார் பக்கம் திரும்பினார். "படுத்தா கட் சொல்ற வரைக்கும் அசைய மாட்டீங்களே மாமா. இன்னிக்கு என்ன ஆச்சு உங்களுக்கு?"

"அலுத்துப் போச்சு மாப்பிள்ளை. எனக்கும் ஒரு வசனம் குடுங்க. பேசிட்டு சாகறேன்."

"நீங்க செத்து ரெண்டு சீன் ஆச்சு. இனிமே எப்படிப் பேசுவீங்க?"

"அதை நீங்கதான் யோசிக்கணும். டைரக்டர் நீங்களா, நானா?"

இயக்குநருக்கு அழுகையே வந்துவிட்டது. எப்படிப்பட்ட கதாநாயகர்களை எல்லாம் வழிக்குக் கொண்டுவந்தவர். குதிரையையே அழ வைத்தவர் என்று பெயர் வாங்கியவர். சொந்த மாமனாரைச் சாகடிக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி காபி ஃபிளாஸ்க்கோடு உள்ளே வந்தாள்.

"நீ வந்த விதம் சரியில்லை" என்றார் இயக்குநர். "கதவுகிட்டேர்ந்து மறுபடி வா. வரும்போதே கண்ணு என்னைத் தேடணும். ஃபிளாஸ்க் இடது கையில இருக்கட்டும்."

அவள் கதவுவரை போய், ஃபிளாஸ்க்கை இடது கைக்கு மாற்றி, எதிரிலேயே நிற்கிற புருஷனைத் தேடிக்கொண்டே வந்தாள்.

"இப்பதான் உயிர் இருக்கு" என்று பாராட்டிவிட்டுக் காபியை வாங்கிக்கொண்டார். "உங்கப்பா சாக மாட்டேங்கறாரு. நீ சொன்னா கேப்பாரு. அவர் மட்டும் செத்துட்டார்னா என் வேலை முடிஞ்சுது. நாளையிலேர்ந்து எனக்கு வீடுதான், நீதான். காலையில கண்ணு முழிச்சதுலேர்ந்து ராத்திரி வரைக்கும் உன் கூடவேதான் இருப்பேன்."

அவள் கண்களில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. எத்தனையோ கதாநாயகிகளை அழ வைத்துப் பார்த்தவர், இவ்வளவு இயல்பான கண்ணீரை எவரிடமும் கண்டதில்லை.

"நான் பேசிப் பாக்கறேங்க" என்று அப்பாவைக் கையைப் பிடித்து மேக்கப் அறைக்குக் கூட்டிப் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

இயக்குநர் வெளியே நகத்தைக் கடித்தபடி நின்றார். உள்ளேயிருந்து அவள் குரல் உரக்கக் கேட்டது.

"அவர் மானம் போகுதுப்பா. ஒரே ஒரு தடவை செத்துக் குடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

இயக்குநருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படி ஒருத்தியை வீட்டில் விட்டுவிட்டு இத்தனை காலம் படம் படம் என்று ஓடினோமே என்று வருத்தப்பட்டார். லைட்டைச் சரிபார்க்கச் சொல்லிக்கொண்டே, நம்பிக்கையோடு கேமரா பக்கம் நடந்தார்.

உள்ளே மகள் கதவில் காதை வைத்து, செருப்புச் சத்தம் தூரம் போகும்வரை காத்திருந்தாள். பிறகு ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்த காபியை மூடியில் ஊற்றி அப்பாவிடம் நீட்டினாள்.

"சொறிஞ்சு சொறிஞ்சு காதெல்லாம் எரியுதும்மா" என்றார் மாமனார். "இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி இழுக்கச் சொல்றே?"

மகள் அவர் பக்கத்தில் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவருக்கு அடுத்த படம் கிடைக்கற வரைக்கும் சாகாதீங்கப்பா."