ஆறாவது பொருள்

மண்ணில் எது மக்கும், எது மக்காது என்று அறிய, ஐந்து பொருள்களை வீட்டுக் கொல்லையில் புதைத்து, ஒரு மாதம் கழித்துத் தோண்டி எடுத்துவரச் சொல்லியிருந்தாள் அறிவியல் டீச்சர். கடைசி பெஞ்சுக்காரியின் தட்டில் மட்டும் ஆறு இருந்தன.

“அஞ்சுதானேடி சொன்னேன்?”

“அஞ்சுதான் டீச்சர் புதைச்சேன். எடுக்கும்போது கொஞ்சம் ஆழமாத் தோண்டிட்டேன். ஆறு வந்துச்சு.”

“மண்ணுக்குள்ள குட்டி போட்டுச்சாக்கும்!”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சரும் சிரித்தபடி தட்டைப் பார்த்தாள். காகிதம், பழத்தோல், துணி எல்லாம் மக்கியிருந்தன. பிளாஸ்டிக் பையும் கரண்டியும் அப்படியே இருந்தன. ஆறாவது, மண் அப்பிய மூக்குக்கண்ணாடி.

“யாருதுடி இது?”

“அம்மாவோடது.”

“அவங்கதான் கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் போயிட்டாங்களே!”

“அப்பா அப்படித்தான் சொன்னாரு. ஆனா கண்ணாடி இல்லாம அம்மாவுக்கு வாசப்படியே தெரியாது டீச்சர்.”

டீச்சரின் சிரிப்பு நின்றது. குரலைத் தாழ்த்தினாள்.

“அப்பா இதைப் பார்த்தாரா?”

“இல்ல, ஒளிச்சு வச்சுட்டேன். குழியைத்தான் பார்த்தாரு. யாரு தோண்டச் சொன்னதுன்னு கேட்டாரு. உங்களைச் சொன்னேன். அதான் கூடவே வந்திருக்காரு.”

வகுப்பு வாசலில், கை கட்டி, பணிவாக ஒருவர் நின்றார்.

“வணக்கம் டீச்சர். எம் பொண்ணை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?”

டீச்சர் கண்ணாடியை மெல்ல முந்தானைக்குள் மறைத்தாள். மறு கையால் சிறுமியின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“கொஞ்சம் இருங்க சார். இவளுக்கு இன்னும் மார்க் போடலை.”