சுண்டலின் முதல் பேச்சு

விலங்குகளுக்கு, அவை நினைப்பதைப் பேசும் கழுத்துப்பட்டை கட்ட வேண்டும் என்று சட்டம் வரும்வரை செண்பகவல்லி ஓயவில்லை, யாரையும் ஓயவிடவுமில்லை. மதுரையில் நடந்த பாராட்டு விழாவில் முதல் பட்டையை அவளுடைய நாய் சுண்டலுக்கே கட்டினார்கள். பாழுங்கிணற்றில் அழுதுகொண்டிருந்த சுண்டலை அவள் இறங்கித் தூக்கிவந்த வீடியோதான் அந்தச் சட்டத்துக்கே பிள்ளையார் சுழி.

"மேடம், சுண்டலத் தூக்கிக்கிட்டு இங்க பாருங்க" என்று புகைப்படக்காரர் கேமராவை உயர்த்தினார்.

கேமராவைக் கண்டதும் சுண்டல் அவள் கையில் நடுங்கியது. ஆனாலும் வாலை ஆட்டியது. அரங்கம் முழுக்கக் கேட்கும்படி பட்டை பேசியது:

"மறுபடி கெணத்துல போடப் போறியாக்கா? அன்னிக்கு மாதிரி திரும்பத் திரும்ப வேணாம்க்கா. இந்த வாட்டி மொதல்லயே நல்லா அழுதுடுறேன்."