கதவைச் சாத்தத் தெரியாதவர்

வந்தவர்களுக்கு பஜ்ஜி பிடித்திருந்தது. பெண் திவ்யாவையும் பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா தீனதயாளன் மகனோடு வாசலுக்கு வந்து, சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் ஏறினார்.

"சிங்கப்பூர்லேர்ந்து இறக்குனது. நாவலூர்லயே நம்மகிட்ட மட்டுந்தான் கீது" என்றபடி கதவைப் பூப்போலச் சாத்தினார். மூடவில்லை. மறுபடியும் சாத்தினார். அது திறந்துகொண்டது.

பெண்ணின் அப்பா அப்பாசாமி ஓடிவந்தார். கதவை லேசாகத் தூக்கி, இடுப்பால் ஓர் இடி இடித்தார். கச்சிதமாக மூடியது.

"யோவ்! இன்னா மாட்டுக் கொட்டாய்க் கதவா? ஜென்மத்துல காரைப் பார்த்துகீறியா நீ?" என்று அலறினார் தீனதயாளன்.

"தப்புதாங்க சம்பந்தி, மன்னிச்சிக்குங்க" என்று கைகூப்பினார் அப்பாசாமி. முன்பே மூன்று வரன்கள் தட்டிப் போயிருந்தன.

சாயங்காலம் தரகர் போன் செய்தார். கார் கதவைக்கூடச் சாத்தத் தெரியாத வீட்டில் பெண் எடுக்க மாட்டார்களாம்.

மனைவி சரோஜா தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பவே உண்மையைச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா அந்தாளுக்கு அவமானமாயிடும், சம்பந்தம் பூடும்னு பார்த்தேன்."

"இப்ப மட்டும் இன்னா வாழுது? நெலத்தை வித்து ஆசையா வாங்குன கார். கல்யாணச் செலவுக்குன்னு மாமல்லபுரத்து வாடகைக் கார்க்காரன்கிட்ட வித்துட்டு வந்தீங்க. அதையே ஒருநாள் வாடகைக்கு எடுத்துகினு வந்து, நம்ம வாசல்லயே பீத்திக்கிறான்! கதவு மூடலன்னா அது அவன் பாடு, நீங்க ஏன் இடிச்சீங்க?"

அப்பாசாமி இடுப்பைத் தடவிக்கொண்டார்.

"ரெண்டு வருசப் பழக்கம்டி. அந்தக் கதவைப் பார்த்ததும் தானா போயிடுச்சு."