உறைக்குள் நீளும் பட்டு

தினமும் காலையில் எஸ்தர் காகித உறையைத் தூக்கிப் பார்ப்பாள். மக்காச்சோளக் கதிரின் பட்டு இழைகள் இன்னும் ஒரு விரற்கடை நீண்டிருக்கும். மகரந்தம் படும்வரை அவை நீண்டுகொண்டேதான் இருக்கும். எதிர் வரிசையில், மகரந்தம் தரவேண்டிய ஆண் செடிகள் இன்னும் பூக்கவில்லை. இரண்டு வரிசைகளையும் எட்டுத் தலைமுறையாக, அயல் மகரந்தம் அண்டாமல் தனித்தனியே வளர்த்து, இடுப்பளவுக்குக் குறுகவிட்டிருந்தாள். இரண்டும் சேர்ந்தால் பிறக்கும் செடி ஆள் உயரம் தாண்டும், முழங்கை நீளக் கதிர் வைக்கும் என்று நம்பினாள். மாதக் கடைசியில் ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து அவளுக்குப் பணி ஓய்வு.

ஆண் விதையைப் பெண் விதைக்குப் பத்து நாள் முன்பே ஊன்றச் சொல்லியிருந்தாள். பண்ணையில் வேலை செய்யும் பேச்சி, அன்று கரிநாள் என்று தள்ளிப்போட்டு, இரண்டையும் ஒரே நாளில் ஊன்றிவிட்டாள்.

“பக்கத்துப் பாத்தியில எம்புட்டுப் பூ ஆடுது! ஒண்ணத் தட்டிவிட்டா என்னம்மா? பாவம், எத்தன நாளைக்குத்தான் காத்துக் கெடக்கும்?”

“நீதான நல்ல நாள் பாத்த. கெடக்கட்டும்.”

பட்டு வெளிவந்த பதினோராம் நாள் ஆண்பூ விரிந்தது. எஸ்தர் அதன் மகரந்தத் தூளைப் பட்டின் மேல் உதிர்த்து, உறையில் தேதி எழுதி மூடினாள்.

மறுநாள் பட்டு துவண்டு கிடந்தது. மகரந்தம் ஏற்றாலும் துவளும். காத்திருந்து முதிர்ந்தாலும் துவளும்.

“சேந்திருச்சாம்மா?”

மணி பிடித்ததா என்று தெரியப் பத்து நாள் ஆகும். எஸ்தருக்கு மூன்று நாள் மீதியிருந்தது. கதிரை உறையோடு உள்ளங்கையில் சற்று நேரம் பிடித்திருந்தாள்.

“நல்ல நாளாப் பாத்து உரிச்சுப் பாரு பேச்சி. அன்னைக்கே எனக்குப் போன் போடு.”