பெயரைச் சொல்லுங்க சார்

பாய்லர் வெடித்த புகை அடங்குவதற்குள், ஆலையின் மக்கள் தொடர்பு அதிகாரியான அவள் அறிக்கையை எழுதத் தொடங்கிவிட்டாள். வாசலில் நிருபர்கள் கூடிவிட்டார்கள். மேலாளர் அறைக்குள் வந்து உட்காராமலே நின்றார்.

"தொழிலாளி ஒருத்தர் இறந்துட்டதா செக்யூரிட்டி சொல்றார். உண்மையா சார்?"

"அறிக்கை இப்போதைக்கு வேண்டாம்மா."

"ஏன், 'சிறு விபத்து'ன்னு பூசி மெழுகணுமா? போன தடவை அப்படிச் செஞ்சுதான் நம்மள யாரும் நம்பறதில்ல."

"அதில்லம்மா..."

"அப்ப பெயரைச் சொல்லுங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ வீட்டுக்குக் கிளம்பு. அறிக்கையை நான் பார்த்துக்கறேன்."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "நீங்க என்ன எழுதுவீங்கன்னு எனக்குத் தெரியும். அவர் வீட்ல அம்மா இருப்பாங்க, கூடப் பிறந்தவங்க இருப்பாங்க. டிவியைப் பார்த்தா அவங்க தெரிஞ்சுக்கணும்? மென்னு முழுங்காம நேரா சொல்றதுதான் சார் நாம அவங்களுக்குச் செய்யற மரியாதை."

மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"உன் தம்பிம்மா."

அவள் சிரிக்கப் பார்த்தாள். "அவனுக்கு இன்னிக்கு லீவு சார்."

"கூட வேலை செய்யறவருக்கு உடம்பு சரியில்லைன்னு, அவருக்குப் பதிலா வந்திருக்கான்."

அவள் அவருடைய கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியில இருக்கான்னு சொல்லுங்க சார். பிழைச்சுக்குவான்னு சொல்லுங்க."