எஞ்சின் நின்ற பிறகு

எந்தத் தோட்டம் எவ்வளவு கார்பனைக் காற்றில் விடுகிறது என்று கணக்கெடுத்து, குறைக்க வழி சொல்வது பூங்கோதையின் வேலை. மாரப்பனின் தோட்டத்தில் கணக்கு உதைத்தது. கிணற்றுக்கு சோலார் மோட்டார் போட்டு இரண்டு வருடமாகியும் மாதம் நாலு லிட்டர் டீசல் தீர்ந்துகொண்டிருந்தது.

“பழைய எஞ்சின் இன்னும் ஓடுதுங்களா?”

“மத்தியானம் பத்து நிமிசம் ஓட்டுவனுங்க அம்மிணி. தண்ணி எடுக்கறதில்ல, சும்மாதான்.”

“சும்மா எதுக்குங்க?”

அவர் கையில் ஒட்டிய எண்ணெயைத் துண்டில் துடைத்தார். “எஞ்சின் சத்தம் நின்னா வூட்டுல அவ சோத்தப் போட்டு வெச்சிருவா. முப்பது வருசப் பழக்கமுங்க.”

கைபேசியில் இருந்த படிவத்தில், டீசல் எதற்கு என்ற இடத்தில் பாசனம், உழவு, போக்குவரத்து மூன்றுதான் இருந்தன. பூங்கோதை எதையும் தொடவில்லை.

“பத்து நிமிசத்துக்கு எவ்வளவு குடிக்குதுன்னு அளக்கணும். ஒருக்கா ஓட்டுங்க.”

கைப்பிடியைச் சுற்றியதும் எஞ்சின் கரும்புகை கக்கி இரைந்தது. பத்து நிமிடம் கழித்து அவள் கையைத் தூக்க, அவர் நிறுத்தினார். டீசல் எவ்வளவு குறைந்தது என்று இருவருமே பார்க்கவில்லை. கடலைக்காட்டுக்கு அப்பால் இருந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். கதவில் பூட்டுத் தொங்கியது. அதன் சாவி மாரப்பனின் அரைஞாண் கயிற்றில் இருந்தது.

“கொஞ்ச நேரம் ஆகுமுங்க” என்றார் மாரப்பன்.